மீசையைப் பிடித்து இழுத்துப் போகும் குளவி

கரப்பான் பூச்சியை அதன் மீசையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகும் குளவியைப் பார்த்திருக்கிறீர்களா? தமிழ்நாட்டு வீடுகளில் இது நடக்காத ஊர் இல்லை. குளியலறை மூலை, புழக்கடைக் கல்லிடுக்கு, கழிவுநீர்க் குழாயின் வாய் என்று கரப்பான் திரியும் இடமெல்லாம் இந்தக் குளவியும் வரும். மரகதப் பச்சையும் மயில் நீலமும் கலந்து மினுங்கும் ஒல்லி உடம்பு, சிவந்த தொடைகள், ஓரிடத்தில் நிற்காத துறுதுறுப்பு. நீளம் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. கரப்பானோ அதைவிடப் பருத்த உருவம். ஆனாலும் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மாட்டை ஓட்டிப் போவது போலக் குளவி பின்னோக்கி நடக்க, கரப்பான் தன் சொந்தக் கால்களால் நடந்தே பின்னால் போகிறது. கட்டும் இல்லை, காயமும் தெரியவில்லை. ஓடினால் ஓடிவிடலாம். ஓடுவதில்லை.

இதைக் கண்டவர்களில் பாதிப் பேர் விளக்குமாற்றை எடுக்கிறார்கள், மீதிப் பேர் செல்போனை எடுக்கிறார்கள். இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெடரிக் லிபர்சாத்தும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கண்டுபிடித்தது எந்தத் துப்பறியும் கதையையும் விஞ்சும். குளவி இரண்டு முறை கொட்டுகிறது. முதல் கொட்டு நெஞ்சில். கரப்பானின் முன்னங்கால்கள் இரண்டு மூன்று நிமிடங்களுக்குச் செயலிழக்கின்றன. திமிற முடியாத அந்த நேரத்தில் இரண்டாவது கொட்டு கழுத்து வழியாகத் தலைக்குள், நேரே மூளைக்குள் இறங்குகிறது. குளவியின் கொடுக்கு நுனியில் உணர்விகள் இருக்கின்றன. மூளை இருக்கும் இடத்தை அது தடவித் தெரிந்துகொள்கிறது. மூளை அகற்றப்பட்ட கரப்பானைக் கொடுத்துப் பார்த்தபோது, குளவி கொடுக்கை உள்ளே விட்டு நெடுநேரம் தேடியது.

கால் நடக்கும், உடம்பு அசையும். ஆனால் தானாக நடக்கத் தொடங்க வேண்டும், தப்ப வேண்டும் என்ற முனைப்பை மட்டும் அந்த நஞ்சு அணைத்துவிடுகிறது. கொட்டு வாங்கிய கரப்பான் முதலில் செய்யும் வேலை விசித்திரமானது. ஏறக்குறைய அரை மணி நேரம் தன் உடம்பைத் தானே சுத்தம் செய்துகொண்டு நிற்கிறது. அதற்குள் குளவி போய்ப் பொந்து ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பி, மீசையைப் பாதியாகக் கடித்துக் கசியும் நீரைக் குடித்துவிட்டு, மிச்ச மீசையைப் பிடித்து இழுக்கிறது. பொந்துக்குள் கரப்பானின் காலில் ஒரேயொரு முட்டை. வாசலைச் சிறு கல்லும் குச்சியும் கொண்டு அடைத்துவிட்டுத் தாய் போய்விடுகிறது. புழு பொரிந்து, கரப்பானின் உடலுக்குள் புகுந்து, அதைத் தின்று, அதன் கூட்டுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, சில வாரங்களில் பச்சை மின்னக் குளவியாக வெளியே வருகிறது. கரப்பானின் உடலுக்குள் கிருமிகளுக்குக் குறைவே இல்லை. அதற்கும் வழி வைத்திருக்கிறது புழு. தன் வாயிலிருந்து கிருமிநாசினித் திரவத்தை உமிழ்ந்து உட்சுவரை மெழுகிவிட்டுத்தான் சாப்பிடுகிறது. ஜெர்மனி ஆய்வாளர்கள் இதை 2013ல் வெளியிட்டார்கள்.

கரப்பானுக்கும் ஒரு வாய்ப்பு உண்டு என்று காட்டியவர் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் கட்டானியா. 2018ல் அவர் எடுத்த மெதுவோட்டப் படங்களில், விழிப்பாக இருந்த கரப்பான்கள் முள் நிறைந்த பின்னங்காலால் குளவியின் தலையில் உதைவிடுகின்றன. உதை பட்ட குளவி தூரப் போய் விழுகிறது. பல குளவிகள் அதோடு வேறு ஆளைத் தேடிப் போய்விடுகின்றன.

குளவிக்கும் நம் வீட்டுக்கும் உறவு பழையது. மண் உருட்டிக் கூடு கட்டும் கறுப்பு மஞ்சள் குளவி, ஜன்னல் சட்டம், சுவரில் மாட்டிய படத்தின் முதுகு, கதவின் சாவித் துவாரம் என்று கண்ட இடத்தில் கூடு வைக்கும். ஸ்விட்ச் போர்டின் பிளக் துளையைக்கூட விடாது. "கலைக்காதே, வீட்டில் யாரோ உண்டாகியிருக்கிறார்கள்" என்று பாட்டிமார் தடுப்பார்கள். குளவிக் கூடு வந்தால் குழந்தை வரும் என்ற நம்பிக்கை இன்றும் உயிரோடு இருக்கிறது. அந்த நம்பிக்கையால் காப்பாற்றப்பட்ட கூடுகளுக்குக் கணக்கே இல்லை. அதற்காகவே எனக்குப் பாட்டிமார்மீது பெரிய மரியாதை.

இன்னொரு பழைய எண்ணம் தத்துவத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. குளவி ஒரு புழுவைப் பிடித்துவந்து கூட்டில் அடைத்துக் கொட்டிக்கொண்டே இருக்கும். அஞ்சி அஞ்சிக் குளவியையே நினைத்துக்கொண்டிருந்த புழு ஒருநாள் குளவியாகவே மாறி வெளியே பறக்கும் என்பது அது. குருவையே நினைத்திருக்கும் சீடனுக்கும், இறைவனையே நினைத்திருக்கும் அடியாருக்கும் வேதாந்திகள் இதை உவமை சொன்னார்கள். கண்ணால் பார்த்தது அத்தனையும் சரி. உள்ளே போனது புழு, கொட்டியது குளவி, வெளியே வந்தது குளவி. விட்டுப்போனது முட்டை மட்டும்தான். கூட்டைத் திறந்து பார்த்தால் மீதிக் கதை தெரியும். குளவிக்குக் குளவி உணவு வேறுபடும்; சில இனங்கள் புழுக்களை அடைக்கும். நம் சுவரில் மண் உருட்டும் இந்தக் கறுப்பு மஞ்சள் குளவி சிலந்திகளை அடைக்கிறது. ஒவ்வோர் அறையிலும் பச்சை, பழுப்பு, வரி போட்டது என்று குட்டிச் சிலந்திகள் நெருக்கியடித்துக் கிடக்கும். செத்தவை அல்ல, கொட்டப்பட்டு அசைவிழந்தவை. உயிர் இருப்பதால் அழுகுவதில்லை. முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு வளர்ந்து முடியும்வரை கெடாத சாப்பாடு. கூடு தானாக உதிர்ந்து விழுந்தால் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நம் தோட்டத்தில் இத்தனை வகைச் சிலந்திகளா என்று வாய் பிளப்பார்கள்.

சுவரிலிருந்து நம்மைப் பார்ப்பவர்

சிலந்தி என்றதும் எல்லோருக்கும் வலை நினைவுக்கு வருகிறது. எனக்கு நினைவுக்கு வருவது, வலையே பின்னாமல் சுவரில் நடந்து, நாம் விரலை அசைத்தால் சட்டென்று முகத்தைத் திருப்பிப் பார்க்கும் தாவும் சிலந்தி. நகக்கண் அளவு இருக்கும். எழுதும் மேசையில், கணினித் திரையில், பூஜை அலமாரியில் அதைச் சந்தித்திருப்பீர்கள். திரையில் நகரும் அம்புக்குறியைத் துரத்தும். லேசர் விளக்கின் சிவப்புப் புள்ளியைப் பூனை துரத்துவதுண்டு, இதுவும் துரத்தும். மற்ற சிலந்திகள் பெரும்பாலும் அதிர்வை நம்பிப் பிழைக்கின்றன. இது பார்வையை நம்பிப் பிழைக்கிறது. அதனால்தான் நாம் பார்ப்பதை அது பார்க்கிறது. அறையில் இருக்கும் வேறெந்தப் பூச்சியிடமும் கிடைக்காத அனுபவம் அது.

எட்டுக் கண்களில் முன்னால் இருக்கும் பெரிய இரண்டும் தொலைநோக்கிக் குழாய் மாதிரி நீண்டவை. வெளியே லென்ஸ் அசையாது. உள்ளே விழித்திரை அசையும். தலையைத் திருப்பாமலே ஒரு பொருளின் விளிம்பை வருடிப் பார்க்க அதனால் முடிகிறது. தாவுவதற்கும் தனி உத்தி வைத்திருக்கிறது. சிலந்தியின் கால்களில் முக்கிய மூட்டுகளை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை இல்லை. உடலுக்குள் இருக்கும் திரவத்தை அழுத்திக் காலுக்குள் தள்ளி நீட்டுகிறது. அந்த அழுத்தம்தான் பாய்ச்சல். செத்த சிலந்தி காலை மடக்கிக்கொண்டு சுருண்டு கிடப்பதும் இதனால்தான். அழுத்தம் போனதும் மடக்கும் தசை மட்டும் மிஞ்சுகிறது. பாயும் முன் பின்னால் ஒரு நூலை ஒட்டிவிட்டுத்தான் பாயும். குறி தவறினால் நூலில் தொங்கி ஏறி வந்துவிடும்.

உலகில் 6,000க்கும் மேற்பட்ட தாவும் சிலந்தி இனங்கள் அறியப்பட்டுள்ளன. ஜெர்மனியின் கான்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியலா ரோஸ்லர் இவற்றில் ஒன்றை வளர்த்தபோது, இரவில் ஒற்றை நூலில் தலைகீழாகத் தொங்கி உறங்குவதைக் கவனித்தார். குஞ்சுகளின் உடல் கண்ணாடி போல் ஒளி ஊடுருவும். உள்ளே விழித்திரை அசைவதை அகச்சிவப்புக் காமிராவில் பார்க்க முடிந்தது. உறக்கத்தில் சீரான இடைவெளியில் விழித்திரை பரபரவென அசைகிறது, கால்கள் வெடுக்கென்று துடிக்கின்றன. மனிதர் கனவு காணும் உறக்கக் கட்டத்தில் கண் அசைவது இப்படித்தான். 2022ல் இந்த ஆய்வு வெளிவந்ததும் சிலந்தி கனவு காணுமா என்ற கேள்வி உலகைச் சுற்றியது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2018ல், சீன ஆய்வாளர்கள் இன்னொரு தாவும் சிலந்தியின் கூட்டில் இதைவிடப் பெரிய அதிசயத்தைக் கண்டிருந்தார்கள். தாய் வயிற்றடியிலிருந்து பால் போன்ற துளிகளைச் சுரக்கிறது. குஞ்சுகள் வயிற்றில் வாய் வைத்துக் குடிக்கின்றன. பசும்பாலில் இருப்பதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு புரதம் அதில் இருந்தது. முதல் இருபது நாளுக்குக் குஞ்சுகளுக்கு வேறு ஆகாரமே கிடையாது. இரை தேடக் கற்ற பிறகும் சில நாள்கள் திரும்பி வந்து குடித்துவிட்டுப் போகின்றன.

பால் கொடுக்கும் அந்தச் சீனச் சிலந்திக்கு எறும்பின் வேடம். நம் ஊர் மாந்தோப்பிலும் அதன் உறவுக்காரர் உண்டு. மாங்காய் பறிக்க ஏறியவர்கள் அத்தனை பேருக்கும் முசுறு தெரியும். இலைகளை இழுத்துப் பிடித்து, தன் புழுக்கள் விடும் பட்டு நூலால் ஒட்டிக் கூடு கட்டும் சிவந்த எறும்பு. கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சும். பறவைகூட யோசித்துத்தான் அலகு வைக்கும். அந்த முசுறு வரிசைக்குச் சற்றுத் தள்ளி, அதே நிறத்தில், அதே குறுகிய இடுப்போடு, மீசையை ஆட்டிக்கொண்டு தனியாக ஓர் 'எறும்பு' போனால் நின்று பாருங்கள். ஆட்டுவது மீசை அல்ல, தூக்கிப் பிடித்த முன்னங்கால்கள். கால்களை எண்ணினால் எட்டு. விரலை நீட்டினால் எறும்பு கடிக்க வரும். இது நூல் விட்டுக் கீழே குதித்துவிடும். எறும்பு வேடம் மற்றவர்களை ஏய்க்கத்தான். உண்மையான முசுறுவிடம் மாட்டினால் உயிர் போய்விடும் என்பதால் அது எறும்புகளை ஒதுங்கியே திரிகிறது.

அதே மரத்தில் வேறொரு வேடதாரி இருக்கிறது. நண்டுச் சிலந்தி வகை. இதன் பின்னுடலில் இரண்டு கரும்புள்ளிகள். பார்ப்பதற்கு எறும்பின் கண்கள். ஆக, பின்புறம் எறும்பின் தலையாகிவிடுகிறது. இது ஒதுங்காது. வரிசைக்கு அருகிலேயே நின்று தள்ளாடும் எறும்பு போல நடித்து, என்னவென்று பார்க்க வரும் முசுறுவைப் பிடித்துத் தின்னும்.

வேடம் போடாமலே ஏமாற்றுகிறவரும் உண்டு. திண்ணை ஓரத்துப் புழுதியில் கூம்புக் குழி பறித்து அடியில் பதுங்கும் குழியானையைக் கிராமத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஊதி வெளியே எடுத்திருப்பார்கள். உள்ளங்கையில் விட்டால் பின்னாலேயே நடக்கும், முன்னால் நடக்கத் தெரியாது. சறுக்கிய எறும்பு மேலே ஏற முயன்றால் தலையால் மணலை வாரி எறிந்து கீழே விழவைக்கும். பலருக்குத் தெரியாத சேதி, புழுப் பருவம் முழுவதும் அதற்கு மலம் கழிக்கும் வழியே கிடையாது. குடல் நடுவில் அடைபட்டிருக்கிறது. சேர்ந்தது அத்தனையும், அது தட்டான் போன்ற சிறகுப் பூச்சியாக உருமாறிய பிறகுதான் வெளியே வருகிறது.

பீரங்கியும் பாட்டிலும்

பூச்சியைச் சோதிக்கப்போய் மனிதர் செய்த வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது பிரான்சில் நடந்தது. தென் பிரான்சின் செரினான் கிராமத்தில் வாழ்ந்த ழான் ஆன்றி ஃபாப்ர் (1823-1915), பூச்சிகளை அவற்றின் வாழ்விடத்திலேயே வைத்துப் பார்த்து எழுதியவர். அவர் வீட்டு வாசல் மரங்களில் கோடை முழுக்கச் சிள்வண்டுகள் காதைக் கிழித்தன. இவ்வளவு கத்துகிறதே, இதற்குக் காது கேட்குமா என்று அவருக்குச் சந்தேகம். திருவிழாவுக்கு வெடிக்கும் ஊர்ப் பீரங்கிகள் இரண்டைக் கேட்டு வாங்கி, வாய்வரை மருந்து கெட்டித்து, ஜன்னல் கண்ணாடி உடையாமலிருக்கக் கதவுகளைத் திறந்துவைத்து, மரத்தடியில் வெடித்தார். இடி முழக்கம். மரத்தில் பாட்டு ஒரு கணம்கூடத் தடைப்படவில்லை. இரண்டாவது முறையும் அப்படியே. சிள்வண்டு செவிடு என்று ஃபாப்ர் எழுதிவைத்தார்.

பிற்காலத்தார் சிள்வண்டின் வயிற்றில் செவிப்பறையைக் கண்டார்கள். தன் இனத்தின் பாட்டு எந்தச் சுருதியில் இருக்கிறதோ அதற்கு ஏற்ப அது கேட்கிறது. பீரங்கியின் முழக்கம் அதற்குப் பொருட்டில்லை. முடிவு பிழை என்றாலும், ஒரு பூச்சியிடம் கேள்வி கேட்க ஊர்ப் பீரங்கியையே இரவல் வாங்கிய மனத்தை நான் வணங்குகிறேன்.

தமிழகப் பிள்ளைகளின் தீப்பெட்டிகளுக்குள் பொன்வண்டு வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. மழைக்குப் பின் உடைமரத்தில் பிடித்து, இலையைப் போட்டு, முட்டையிடுகிறதா என்று மணிக்கொரு முறை திறந்து பார்ப்பார்கள். அந்தப் பொன்வண்டின் ஆஸ்திரேலிய உறவுக்காரர் ஒருவருக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் சாலையோரம் வீசப்பட்ட பீர் பாட்டில்கள்மேல் ஆண் வண்டுகள் ஏறிக்கொண்டு இறங்க மறுப்பதை டாரில் க்வின், டேவிட் ரென்ட்ஸ் என்ற இரு பூச்சியியலாளர்கள் கவனித்தார்கள். இந்த இனத்தில் பெண் வண்டு பெரியது, பழுப்பு நிறம், பளபளப்பு, முதுகெல்லாம் சிறு குழிகள். அந்தக் குட்டைப் பாட்டிலும் பழுப்பு, பளபளப்பு, அடிப்பகுதியில் வரிசையாக மேடுகள். ஆண் வண்டுகளுக்கு அதைவிடப் பேரழகி கிடையாது. வெயிலில் காய்ந்தாலும், எறும்புகள் வந்து கடித்தாலும் பாட்டிலை விடவில்லை. அருகிலேயே வேறு பழுப்புச் சாயலில் ஒரு ஒயின் பாட்டில் கிடந்தது. அதை ஒன்றுகூடச் சீண்டவில்லை. 1983ல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 2011ல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. சிந்திக்க வேண்டியது உண்மையிலேயே இருக்கிறது. நாம் வீசிய ஒரு குப்பை ஓர் இனத்தின் ஆண்களைப் பெண்களிடம் போகவிடாமல் தடுத்திருக்கிறது.

தட்டான் தாழப் பறந்தால் மழை என்று நம் விவசாயிகள் சொல்வார்கள். மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சனுக்கு வேறு வியப்பு. ஆண்டுதோறும் அக்டோபரில் தட்டான்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. தட்டான் முட்டையிட நன்னீர் வேண்டும். அந்தப் பவளத் தீவுகளில் மேற்பரப்பு நன்னீர் இல்லை என்றே சொல்லலாம். எங்கிருந்து வருகின்றன? பல ஆண்டுகள் நாள்களைக் குறித்துவைத்து, தென்னிந்தியாவில் அவை தோன்றும் நாள்களோடு ஒப்பிட்டு, 2009ல் அவர் விடை சொன்னார். இந்தியாவிலிருந்து பருவக்காற்றின் மேலடுக்கில் ஏறி, மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவரை போகின்றன. மழை போகும் இடமெல்லாம் குட்டையைத் தேடி முட்டையிட்டு, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகத் தென்மேற்குப் பருவக்காற்றில் திரும்புகின்றன. ஒரு சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் என்பது அவர் கணக்கு. ஐப்பசி மழைக்கு முன் நம் தெருவில் வாலில் நூல் கட்டப்படும் மஞ்சள் தட்டான் அந்த இனம்தான்.

புளியமரப் பொந்தில்

1899ல் ஆர்.ஐ. போக்காக் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஆந்திரத்தின் குத்தி ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரேயொரு பெரிய சிலந்தியை வைத்து ஒரு புதிய இனத்தை விவரித்தார். உடம்பெல்லாம் பளிச்சிடும் நீலம். அதன்பிறகு நூறாண்டுக்கு மேல் யாரும் அதைக் காட்டில் பார்க்கவில்லை. 2001ல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மறுபடி கிடைத்தது. குத்தியிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். வெட்டிய மரத்தோடு ரயிலேறி வந்த சிலந்தியைத்தான் அந்நாள் கிடங்கில் பிடித்திருக்க வேண்டும். இன்று ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளில் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்க்கிறார்கள். சொந்தக் காட்டில் அது அழிவின் விளிம்பில் நிற்கிறது.

அதே குடும்பத்தில் ஒன்று நம் ராமேஸ்வரத்தில் இருக்கிறது. 2004ல் அதை விவரித்தபோது, கண்டெடுத்த அனுமன் கோயிலின் பெயரையே இனப் பெயரில் சேர்த்து 'ஹனுமவிலாசுமிகா' என்றார்கள். பழைய புளியமரப் பொந்துகளிலும் பனைகளிலும் பகலெல்லாம் ஒளிந்திருந்து இரவில் வாசலுக்கு வரும். கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும், ஆகவே கை நீட்ட வேண்டாம். ஆனால் தேடிவந்து மனிதரைக் கடிக்கும் பழக்கம் அதற்கு இல்லை. பொந்துக்குள் பின்வாங்குவதுதான் அதன் முதல் தற்காப்பு.

கடலுக்கு அப்பால் வன்னியில், போர் முடிந்த 2009ஆம் ஆண்டில், மாங்குளம் பகுதி மக்கள் அடித்துக்கொன்ற ஒரு பெரிய சிலந்தியை ஆய்வாளர்களிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். கால் விரித்தால் எட்டு அங்குலம், ஒரு சாப்பாட்டுத் தட்டை மறைக்கும். உள்ளூர்க் காவல் அதிகாரி ஒருவர் துணைக்கு வர, ஆய்வாளர்கள் மரம் மரமாகத் தேடினார்கள். உயிரோடு கிடைத்த இடங்களில் ஒன்று மாங்குளம் மருத்துவமனையின் பழைய மருத்துவர் விடுதி. காடு குறைந்ததால் கட்டடத்துக்குள் குடிவந்திருக்கிறது என்றார்கள். தேடலுக்கு உதவிய அந்த அதிகாரியின் பெயரால் 'ராஜேயி' என்று பெயரிட்டு, புதிய இனம் என விவரித்தார்கள். 2013ல் அது உலகச் செய்தியானது.

இரண்டாண்டு கழித்து, 2015ல், அதே ஆய்வாளர்கள் ராமேஸ்வரத்துச் சிலந்தியை மன்னார் மாவட்டத்திலும் கண்டதாகப் பதிவு செய்தார்கள். சிலந்தி பாக் நீரிணையை நீந்திக் கடக்காது. கடல்மட்டம் தாழ்ந்து, தமிழ்நாடும் இலங்கையும் ஒரே நிலமாக இருந்த காலத்தில் மரத்துக்கு மரம் போயிருக்க வேண்டும். பிறகு நீர் உயர்ந்து நடுவே கடல் வந்தது. இன்று ராமேஸ்வரத்தில் அதன் வாழ்விடம் மொத்தமும் சிதறிக் கிடக்கும் சில தோப்புகள்தான். அங்கே வெட்டப்படும் ஒவ்வொரு முதிர்ந்த புளியமரத்தோடும் ஒரு பொந்து போகிறது. பதிலுக்கு நடும் கன்றில் பொந்து விழப் பல பத்தாண்டுகள் ஆகும்.